குடற்சுவரில் வாயு: குறைமாதக் குழந்தைகளில் ஓர் அபாய அறிகுறி

குடலுக்குள் வாயு இருப்பது இயல்பு. குடற்சுவரின் அடுக்குகளுக்கிடையே அது காணப்படுவது இயல்பன்று. குறைமாதக் குழந்தைகளில் இது ‘நெக்ரோடைசிங் என்டெரோகொலைடிஸ்’ எனப்படும் குடல் திசு அழிவு நோயின் முக்கியச் சான்றாகும். சிதைந்த சளிப்படலத்தின் வழியே சுவருக்குள் நுழையும் பாக்டீரியாக்கள் சர்க்கரைப் பொருள்களை நொதிக்கச் செய்து ஹைட்ரஜனை வெளியிடுகின்றன. எக்ஸ்ரே படத்தில் அது சிறு குமிழிகளாகவோ கோடுகளாகவோ தோன்றும். 1978இல் பெல் குழுவினர் வகுத்த நோய்நிலைப் பகுப்பில், இவ்வறிகுறி நோய் உறுதிப்பட்ட இரண்டாம் நிலைக்குரியது. வாயு வயிற்றறைக்குள் கசிந்திருப்பின் குடலில் துளை விழுந்துள்ளது என்பது பொருள். அப்போது பெரும்பாலும் அறுவை மருத்துவம் தேவைப்படும்.

எனினும், தொடக்கத்தில் படம் தெளிவாக அமையாதிருக்கலாம். வயிற்று உப்புசம், பச்சைநிற வாந்தி, மலத்தில் குருதி ஆகியன தோன்றிய குழந்தைக்குப் படத்தில் வாயு தெரியவில்லை என்பதனாலேயே நோயில்லை எனக் கொள்ளலாகாது.