பெட்டியில 8 டிகிரி, கூடாரத்துக்குள்ள நடுக்கம்

லாப்டொப் பெட்டியில போட்டிருக்கிற பற்றரி நேரத்தை அப்படியே நம்பாதேங்கோ எண்டு போன எபிசோட்டில பெரிசாக் கதைச்சனான். அதே பிழையை நான் ஒரு ஸ்லீப்பிங் பாக்கில விட்ட கதை இது.

போன வருஷம் ஜூலை. நானும் தங்கச்சியும் ரோன் சைக்கிள் பாதையில, அதாவது தேசியப் பாதை இலக்கம் 1இல, ஆண்டர்மாட்டில இருந்து ஜெனீவா போக வெளிக்கிட்டம். ஃபுர்காவை ரயிலில தாண்டி, முதல் இரவு கோம்ஸ் பள்ளத்தாக்கில உல்ரிகனில கூடாரம் அடிச்சம். வெளிக்கிட முதல் அம்மா ஒரு கம்பளிப் போர்வையை நீட்டினவா. "ரெண்டு கிலோ வரும், வேண்டாம்" எண்டு நான்தான் திருப்பிக் குடுத்தனான்.

விடிய மூண்டு மணிக்குத் தங்கச்சி என்னைத் தட்டி எழுப்பினாள். மழை ஜாக்கெட் வரைக்கும் போட்டுக்கொண்டு இருந்தாள். பல் அடிக்குது. "அண்ணா, என்னால ஏலாது. இதில 8 டிகிரி எண்டுதானே போட்டிருக்கு?" என்ர பையை அவளுக்குக் குடுத்திட்டு, இருந்த உடுப்பெல்லாத்தையும் போட்டுக்கொண்டு விடியும் வரைக்கும் இருந்தன். காலமை அவள் சொன்னது ஒண்டுதான்: "நான் பிரிக்கில ட்ரெயின் எடுக்கிறன்."

அந்தப் பையை வாங்கிக் குடுத்தது நான். வேலையில எல்லாருக்கும் "முதல்ல ஸ்பெக்கை வாசியுங்கோ" எண்டு சொல்லுற ஆள்.

வீட்ட வந்து உள்ளுக்குத் தைச்சிருந்த துண்டை வாசிச்சன். ஐரோப்பாவில இந்தப் பைகளைச் சோதிக்கிற தரநிலை ஐஎஸ்ஓ 23537. முந்தி ஈஎன் 13537. சூடேற்றின ஒரு பொம்மைக்கு நீட்டு உள்ளுடுப்பும் சொக்ஸும் போட்டு, மெத்தையில கிடத்தி, எவ்வளவு வெப்பம் வெளியில போகுது எண்டு அளப்பினம். அதில இருந்து முக்கியமா மூண்டு எண் வரும். 'கொம்ஃபோர்ட்' எண்டது 60 கிலோ நிறையுள்ள, 1.60 மீற்றர் உயரமான ஒரு பெண் நிம்மதியாப் படுக்கக்கூடிய வெப்பநிலை. 'லிமிட்' எண்டது 73 கிலோ ஆண் ஒருத்தர் சுருண்டு படுத்துச் சமாளிக்கிற எல்லை. 'எக்ஸ்ட்ரீம்' எண்டது உயிர் தப்புறதுக்கான எண். அது நித்திரைக்கு இல்லை.

வெளியில பெரிசா இருந்த 8 லிமிட். உள்ளுக்குச் சின்னனா இருந்த கொம்ஃபோர்ட் 13. நான் 75 கிலோ, அவள் 50. எனக்குரிய பெஞ்ச்மார்க்கைப் பார்த்து அவளுக்குச் சாமான் வாங்கியிருக்கிறன்.

அடுத்த பிழை இடம். உயரம் 1000 மீற்றர் கூடினால் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். லெமன் ஏரி 372 மீற்றரில, உல்ரிகன் 1300க்கு மேல. ஒரே பாதை, ஒரே வாரம், ஆனா ஆறு டிகிரி வித்தியாசம். முகில் இல்லாத இரவில குளிர்காத்து சரிவால இறங்கிப் பள்ளத்தாக்கின்ர அடியில தேங்கி நிக்கும். சமதரையாக் கூடாரம் அடிக்க வசதியான இடமும் அதேதான். 2025 மேயில இருந்து மெட்டியோஸ்விஸ் தன்ர தரவுகளை இலவசமாத் திறந்து விட்டிருக்கு. உல்ரிகனிலயும் அவையளுக்கு ஒரு நிலையம் இருக்கு. சின்னப் பைதன் ஸ்கிரிப்ட் ஒண்டு எழுதி இரவு வெப்பநிலையைப் பார்த்தன். அங்க கோடையிலயும் ஒற்றை இலக்கம் சாதாரணம்.

அப்ப என்னத்தை வாங்கிறது? ஏரிக்கரை, டெசின் பக்கம் மட்டும் எண்டால் கொம்ஃபோர்ட் 10, 12 காணும். மலைப் பள்ளத்தாக்கும் இருந்தால் 5க்குக் கிட்டப் பாருங்கோ. சிப் கால் வரைக்கும் திறக்கவேணும். சூடான இரவில விரிச்சுப் போர்வையாப் போர்க்கலாம்.

உள்ளுக்கு என்ன இருக்கு எண்டது அடுத்த கேள்வி. வாத்து, கூஸ் இறகு எண்டால் அரைக் கிலோவில முடிஞ்சிடும், தண்ணிப் போத்தல் மாதிரிச் சுருங்கும். ஆனா விலை கூட, நனைஞ்சால் உப்பாது, உப்பாட்டிச் சூடும் இல்லை. செயற்கை இழை பாரமும் பருமனும் கூட, ஆனா ஈரத்தைத் தாங்கும், விலை குறைவு. தங்கச்சி சைவம். இறகுப் பையில இருக்கிற ஆர்டிஎஸ் முத்திரை உயிரோட இறகு பிடுங்கிறதைத் தடுக்குது எண்டு நான் விளங்கப்படுத்தினன். "ஓம், ஆனா அது இறைச்சிக்கு வளர்த்த பறவைதானே?" எண்டாள். கதை முடிஞ்சுது.

மெத்தையை மறக்காதேங்கோ. முதுகுக்குக் கீழ பை நசிஞ்சு போகும், அங்க சூட்டைக் காக்கிறது மெத்தைதான். அதில 'ஆர்' எண் இருக்கும், கூடக் கூட நல்லம். கோடைக்கு 2க்குக் குறையாமப் பாருங்கோ. பையைத் தண்ணி போகாத உறைக்குள்ள வைச்சுக் கரியரில கட்டுங்கோ. வீட்ட வந்தாப் பிறகு அமுக்கி வைக்காமல் அலுமாரியில தளர விடுங்கோ.

இந்த வருஷம் ஏப்ரலில தங்கச்சி மெசேஜ் போட்டாள்: "விட்ட இடத்தில இருந்து தொடங்குவமா?" இந்த முறை பையை அவளே தெரிஞ்சாள். செயற்கை இழை, கொம்ஃபோர்ட் 5, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. அம்மா சிரிச்சா. "காசு குடுத்தோ வெளியில படுக்கப் போறியள்? நாங்கள் கோயில் மண்டபத்தில சும்மா படுத்தனாங்கள்." எந்தக் கோயில், எந்த வருஷம் எண்டு நாங்கள் கேட்கேல்ல. அவ திரும்ப அதே போர்வையைக் கொண்டுவந்தா. இந்த முறை வாங்கி என்ர கரியரில கட்டினன்.

அதே உல்ரிகன், அதே புல்தரை. காலமை எட்டு மணிக்கு அவளை நான்தான் தட்டி எழுப்பவேண்டி வந்தது. போர்வை என்ர காலில கிடந்தது.

உங்கட பையில என்ன எண் போட்டிருக்கு? உள்ளுக்குத் தைச்ச துண்டைப் பார்த்திட்டு எழுதி அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்டில வாசிக்கிறன்.