குழந்தைகளின் குடலை அடைக்கும் காந்தங்கள்

விழுங்கக்கூடிய அளவிலான, சக்திமிக்க உதிரிக் காந்தங்களை விளையாட்டுப் பொருட்களாக விற்பதை ஆஸ்திரேலியா 2012 நவம்பரில் நிரந்தரமாகத் தடை செய்தது. எனினும், வெளிநாட்டு இணையக் கடைகள் வழியாக இவை டண்டினொங் போன்ற, தமிழர் பலர் வாழும் மெல்பேர்ன் புறநகர்களையும் எட்டக்கூடும்.

குழந்தைகளின் குடலடைப்புக்கான வழக்கமான காரணங்களுள் குடலிறக்கமும் குடல் செருகலும் அடங்கும். காந்தம் அரிதான காரணம்; ஆனால் தவிர்க்கக்கூடியது.

விழுங்கப்பட்ட ஒற்றைக் காந்தம் பெரும்பாலும் மலத்துடன் வெளியேறிவிடும். இரண்டு காந்தங்களோ, குடலின் வெவ்வேறு வளைவுகளில் இருந்தபடி ஒன்றையொன்று ஈர்க்கும். இடையில் நசுங்கும் குடற்சுவர் இரத்த ஓட்டமின்றி அழுகும். துளை விழலாம், குடல் அடைபடலாம்.

தொடக்கத்தில் வாந்தியும் வயிற்றுவலியும் சாதாரண நோயாகவே தோன்றும். இரைப்பையில் இருக்கும்போதே காந்தங்களைக் குழாய்க் கருவியால் எடுத்துவிடலாம். குடலில் இறங்கிவிட்டால் அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். எனவே, சந்தேகம் எழுந்தாலே காத்திராமல் மருத்துவமனைக்கு விரைவது அவசியம்.