பெங்களூர் விமானத் தொழிற்சாலையின் தோற்றமும் வளர்ச்சியும்

பிறர் செய்த இயந்திரத்தை வாங்கி ஓட்டுதல் வேறு; அதனைத் தாமே ஆக்குதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவை ஒரு நாடு எவ்வாறு கடக்கின்றது என்பதற்கு இந்திய விமானத் தொழிலின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாகும்.

இத்தொழிலைத் தொடக்கியவர் வால்சந்த் ஹீராசந்த் என்னும் வணிகர். 1919 இல் சிந்தியா கப்பற் கம்பனியை நிறுவியோருள் ஒருவரான அவர், கப்பலைப் போலவே விமானமும் இந்தியரால் ஆக்கப்படல் வேண்டும் என விரும்பினார். சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்திய வில்லியம் பாலி என்னும் அமெரிக்கரின் துணை அவருக்குக் கிட்டியது. மைசூர் சமஸ்தான அரசாங்கமும் பங்கு கொண்டது. இவ்வாறு 1940 டிசம்பர் 23 ஆம் நாள் ஹிந்துஸ்தான் விமானக் கம்பனி பெங்களூரில் தோன்றிற்று. 1941 மார்ச்சு மாதத்தில் இந்திய அரசாங்கமும் பங்குதாரராயிற்று. அவ்வாண்டிலேயே ஹார்லோ என்னும் பயிற்சி விமானம் அங்கு பொருத்தப்பெற்றுப் பறந்தது.

ஆயின், போர் கீழ்த்திசைக்குப் பரவவே நிலைமை மாறிற்று. 1942 இல் அரசாங்கம் நிருவாகத்தை ஏற்றது. நேச நாடுகளின் விமானங்களைப் பழுதுபார்ப்பதே தொழிற்சாலையின் தலையாய பணியாயிற்று. ஆக்கப் புகுந்தோர் திருத்துவோராயினர். இதனை வீழ்ச்சியெனக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரு விமானத்தை உறுப்பு உறுப்பாகக் கழற்றி மீண்டும் பூட்டுவோன், எவ்வுறுப்பு எத்தகைய சுமையைத் தாங்குகின்றது, எவ்விடத்தில் உலோகம் தளர்கின்றது என்பவற்றைக் கையினாலேயே கற்கின்றான். போர் முடிவிற் கான்பூரில் சிதைத்துக் கைவிடப்பட்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை அத்தொழிலாளர் 1948 அளவில் மீண்டும் பறக்கச் செய்தமை இக்கல்வியின் பயனேயாம். விமான வேலை குறைந்த காலத்தில் புகைவண்டிப் பெட்டிகளையும் பேருந்துக் கூடுகளையும் அமைத்தமையால் அவர்தம் திறன் சிதறாது நிலைத்தது.

கைத்திறன் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1942 இல் தொடங்கிய விமானப் பொறியியற் பகுதிக்குத் தலைமை தாங்கிய வி. எம். காட்கே, பின்னர்த் தொழிற்சாலையின் வடிவமைப்புப் பணியையும் நடத்தினார். அவர் வழிகாட்டலில் உருவான எச்.ரி.-2 பயிற்சி விமானம் 1951 ஆகஸ்டு 5 இற் பறந்தது. இவ்வகையில் 150 இற்கு மேற்பட்டன ஆக்கப்பெற்றன. 1961 ஜூன் 17 இல், ஜெர்மானியரான கூர்ட் டாங்க் வடிவமைத்த மருத் என்னும் தாரை விமானமும் பறந்தது. 1964 இற் கம்பனி விரிவடைந்து ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் எனப் பெயர் பெற்றது.

எனினும் ஒரு குறை எஞ்சிற்று. எச்.ரி.-2 இன் எஞ்சின் பிரித்தானியாவினது. மருத்தின் எஞ்சினும் பிரித்தானியர் வடிவமைத்ததே. அதன் வலு போதாமையால் மருத் எண்ணிய வேகத்தை எய்தவில்லை. 2001 இல் முதன்முறை பறந்த தேஜஸும் அமெரிக்க எஞ்சினைக் கொண்டே பறந்தது. உடலை ஆக்கக் கற்றோர்க்கு உயிரை ஆக்குதல் அரிதாயிற்று. திருத்துதலிலிருந்து ஆக்குதலுக்குச் செல்லும் பாதை நெடியது. அதனைப் பொறுமையோடு நடந்து கடப்பதன்றி வேறு குறுக்கு வழி இல்லை என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.