தாய் எண் இல்லாத ஆறு

திருவெறும்பூரிலிருந்து கல்லணை பக்கம்தான். பாலத்தில் நின்றால் கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, 1934-இல் வெட்டி முடித்த கல்லணைக் கால்வாய் என நான்கும் பிரிவதைப் பார்க்கலாம். கால்வாயைத் தஞ்சைப் பக்கம் இன்னும் 'புது ஆறு' என்றுதான் சொல்கிறார்கள்.

இவற்றைக் கணினியில் வரைய உட்கார்ந்தேன். காவிரி ஒழுங்காகப் பூம்புகார் வரை போனது; கடலைத் தொட்டதும் வயல், ஊர், கோயில் எதையும் பாராமல் நேர்கோடாகக் கல்லணைக்கே திரும்பி ஓடி வந்தது!

தப்பு என்னுடையது. நான் கொடுத்தது வெறும் புள்ளிப் பட்டியல்: வரிக்கு ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. கல்லணை என்றால் ஏறத்தாழ 10.83, 78.82. காவிரியின் கடைசிப் புள்ளிக்கு அடுத்த வரியில் வெண்ணாற்றின் முதல் புள்ளி இருந்தது. கணினி இரண்டையும் இணைத்துவிட்டது.

இதற்கு வழி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கொடுத்து, பக்கத்திலேயே அதற்கு முந்தைய 'தாய்ப்புள்ளி'யின் எண்ணையும் எழுதிவிடுவது. என் பட்டியலில் கல்லணை 41. காவிரியின் அடுத்த புள்ளி 42-க்கும் தாய் 41. வெண்ணாறு தொடங்கும் 118-க்கும் தாய் அதே 41. பிள்ளையிலிருந்து தாய்க்கு மட்டும் கோடு. பட்டியலைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்தாலும் படம் மாறாது. மூளை நரம்பணுக்களின் கிளைகளைப் பதியும் எஸ்.டபிள்யூ.சி. கோப்பும் இதே கணக்குதான்: வரிக்கு ஏழு எண்கள், கடைசியில் தாய், தாயில்லாத முதல் புள்ளிக்கு -1.

யாருக்கும் தாயாகாத புள்ளிதான் கிளையின் நுனி. நம்மூர்ச் சொல் ஒன்று கச்சிதமாகப் பொருந்துகிறது: கடைமடை. பேட்டைவாய்த்தலையில் பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கு அது வாழவந்தான்கோட்டை ஏரி.

தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிவதுவரை எல்லாம் சரியாக வந்தது. மேற்கே முக்கொம்புக்கு நீட்டியபோதுதான் சிக்கல். 1830-களில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டிய அந்த இடத்தில் பிரிகிற கொள்ளிடத்தில், கல்லணையருகே காவிரியின் மிகைநீர் மறுபடி போய்ச் சேர்கிறது. அந்த ஒரு புள்ளிக்கு இரண்டு தாய். எழுத இருப்பதோ ஒரே கட்டம். மரத்தில் பிரிந்த கிளைகள் மறுபடி கூடுவதில்லை. ஆறு கூடுகிறது. படத்தில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கம் கிழக்கே வாய்திறந்து கிடந்தது.

தாய்க் கட்டத்தை எடுத்துவிட்டு, 'இங்கிருந்து இங்கே' என்று இணைப்புகளுக்குத் தனிப்பட்டியல் போட்டேன். கல்லணைக்கு ஒரு வரி கூடுதல். கோடு மூடிக்கொண்டது, ஸ்ரீரங்கம் தீவாயிற்று.