வணிகர் பணத்தில் எழுந்த பள்ளிச் சுவர்கள்



சென்னை ஜார்ஜ் டவுனில் கடையும் கிட்டங்கியும் வைத்திருக்கும் நம்மில் பலர், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே என்.எஸ்.சி. போஸ் சாலை வழியாகத் தினமும் போய் வருகிறோம். லாரி எப்போது உள்ளே வரும், பாரிமுனையில் நெரிசல் எப்போது விடும் என்பதே நம் கவலை. அதே சாலையில் உருண்டைத் தூண்கள் தாங்கி நிற்கும் பச்சையப்பன் மண்டபத்தை நிமிர்ந்து பார்க்க நமக்கு நேரம் இருந்ததில்லை. அந்தக் கட்டடம் நம்மைப் போல் கொடுக்கல் வாங்கலில் ஈடுபட்ட ஒருவரின் சொத்தில் எழுந்தது. ஆகவே அதன் வரலாற்றை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பச்சையப்ப முதலியார் வறிய குடும்பத்தில் பிறந்தவர். தந்தை இன்றி வளர்ந்தார். ஆங்கிலேயருக்கும் உள்ளூர்க்காரருக்கும் நடுவில் நின்று வாங்கி விற்கும் துபாஷ் தொழிலில் வளர்ந்து பெரும் பொருள் ஈட்டினார். 1794இல், நாற்பது வயதளவில் காலமானார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் உயில் எழுதி, தம் சொத்தைத் தருமங்களுக்கு ஒதுக்கினார்.

எழுதி வைத்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. சொத்து வழக்கில் சிக்கியது, தருமங்கள் நின்றன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோரின் முயற்சியால் சுப்ரீம் கோர்ட் வழி திறந்துவிட்டது. கோயில் தருமங்களுக்கு வேண்டியதை ஒதுக்கியபின் வட்டியும் முதலுமாக மிஞ்சிய தொகை கல்விக்கு என்று முடிவாயிற்று. அந்தப் பணத்தில் 1842 ஜனவரி முதல் தேதி பிராட்வே பகுதியில் பள்ளி தொடங்கியது. சொந்தக் கட்டடத்துக்கு 1846இல் அடிக்கல் நாட்டினார்கள். ஏதென்ஸ் நகரத்துப் பழைய கோயில் ஒன்றை மாதிரியாகக் கொண்டு கட்டி, 1850இல் திறந்தார்கள். பள்ளியிலிருந்து கல்லூரி வளர்ந்தது. கணித மேதை ராமானுஜன் 1906இல் வந்து சேர்ந்ததும், அறிஞர் அண்ணா 1930களில் படித்ததும் கல்லூரி இந்த இடத்தில் இருந்தபோதுதான். 1940இல்தான் கல்லூரி சேத்துப்பட்டுக்குப் போயிற்று.

அருகிலேயே 1837இல் ஜான் ஆண்டர்சன் பாதிரியார் தொடங்கிய பள்ளிதான் பின்னாளில் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்து, 1937இல் தாம்பரம் சென்றது. வணிகரான சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த காலத்தில், 1920இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க மன்றம் ஒப்புதல் அளித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பும் கட்டினார்கள். செலவுக்கு வரம்பு கட்டித் தருமம் செய்வது வணிகனுக்குக் கைவந்த கலை அல்லவா!

இனி, கட்டடத்துக்குள் போவோம். அந்தக் காலத்துப் பள்ளிகள் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்கு உத்திரமும் கொண்டு எழுந்தவை. உத்திரங்களின் மேல் தேக்குச் சட்டங்களை நெருக்கமாகப் பரப்பி, மெல்லிய செங்கற்களைக் குத்தாக அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்குவார்கள். இதற்குத்தான் மெட்ராஸ் டெரஸ் என்று பெயர்.

சுவர்ப் பூச்சில் நம் கடைச் சரக்கே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? கிளிஞ்சல் சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை விட்டுப் பதப்படுத்துவார்கள். கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக் கருவும் சேர்த்து, கல்லால் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்குவார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அவசரப்படுத்தினால் ஆகாது. அந்தச் சுவர் மழையில் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். ஈரம் வந்து போக வழி இருப்பதால்தான் நூறாண்டு தாண்டியும் நிற்கிறது.

இதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, நட்டப்பட்டுத் தெரிந்துகொண்டோம். நம் கிட்டங்கியின் பின்சுவரும் பழைய பள்ளி ஒன்றின் சுவரும் ஒன்றே. சுண்ணாம்பு உதிர்கிறதே என்று சில ஆண்டுகளுக்கு முன் உட்புறம் முழுவதும் சிமெண்ட் பூசினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு மழைக்காலம் போயிற்று. அட்டியின் அடிவரிசையில் இருந்த துவரம் பருப்பு மூட்டைகளில் பூஞ்சை பிடித்தது. பள்ளிப் பக்கத்தில் பூச்சு பாளம் பாளமாக வகுப்பறைக்குள் விழுந்தது. நல்ல வேளையாக அன்று விடுமுறை நாள்.

பார்க்க வந்த முதிய கொத்தனார் சொன்னார்: "முதலாளி, சுவத்துக்கு மூச்சு விட வழி இல்லாம அடைச்சிட்டீங்க. இந்தப் பக்கம் வர முடியாத ஈரம் அந்தப் பக்கம் போயிருக்கு." அதோடு விடவில்லை, அந்தச் சுவரை ஒட்டி நம் தகப்பனார் காலத்திலிருந்து உப்பு மூட்டை அடுக்கி வந்ததையும் சுட்டிக்காட்டினார். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். கரைந்த உப்பு சுவருக்குள் ஏறி, காயும்போது பரலாகி, பூச்சைத் தள்ளிவிடும். பள்ளிச் சுவர் பழசானதால் உதிர்கிறது என்று இத்தனை காலம் எண்ணியிருந்தோம். காரணம் நாமே என்று அன்று தெரிந்தது. சிமெண்டைக் கொத்தி எடுத்து, இரு பக்கமும் சுண்ணாம்பே பூசிக் கொடுத்தோம். கடுக்காயும் வெல்லமும் நம் கடையிலிருந்தே போயின. அதற்கு நாம் பில் போடவில்லை.

பழைய பள்ளியை ஒட்டிக் கடை வைத்திருக்கும் நண்பர்களுக்கு நம் வேண்டுகோள் இவைதாம்:

உப்பு, வெல்லம், புளி மூட்டைகளைச் சுவரை விட்டு ஓரடியாவது தள்ளி, கட்டை போட்டு அடுக்குங்கள்.

பெயர்ப் பலகை மாட்டவோ தட்டு அடிக்கவோ பள்ளிச் சுவரில் துளை போடாதீர்கள்.

மழைக்கு முன் தண்ணீர் இறங்கும் குழாய்களைக் குப்பை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுவர் வெடிப்பில் முளைக்கும் அரசங்கன்றை விரல் அளவில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். மரமானபின் வேரோடு சுவரும் வரும்.

சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள்.

பச்சையப்பர் தம் பணத்தில் எழுந்த பள்ளியைக் கண்ணால் பார்க்கவில்லை. அவர் மறைந்து நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துத்தான் முதல் மணி அடித்தது. நாம் பள்ளி கட்ட வேண்டாம். முன்னோர் கட்டி வைத்ததன் மேல் நம் மூட்டையைச் சாய்க்காமல் இருந்தால் போதும். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லும் பிள்ளை, நாளை நம் கடைக்குக் கணக்கு எழுத வரும் பிள்ளையாகவும் இருக்கலாம்.