கணவரையும் இரு மகன்களையும் எரித்தவர்களை மன்னித்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ்... அதன்பிறகு செய்தது என்ன?

கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் பத்து வருடம் முன்பு சொன்ன சுடுசொல்லையே நம்மால் மறக்க முடிவதில்லை. கணவரையும் இரண்டு மகன்களையும் ஒரே இரவில் பறிகொடுத்த ஒரு பெண், அதைச் செய்தவர்கள்மீது தனக்கு வெறுப்பு இல்லை என்று சொன்னார். அவர், கிளாடிஸ் ஸ்டெயின்ஸ்.

கிளாடிஸின் கணவர் கிரஹாம் ஸ்டெயின்ஸ், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்தவர். 1965-ல், 24 வயதில் ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துக்கு வந்தார். பாரிபதா நகரில் தொழுநோயாளிகள் இல்லத்தில் பணியாற்றினார். ஒடியா, சந்தாலி மொழிகளைக் கற்று, அந்த மக்களோடு மக்களாக வாழ்ந்தார். நர்ஸான கிளாடிஸை 1983-ல் மணந்தார். எஸ்தர், பிலிப், திமோத்தி என மூன்று குழந்தைகள். பிள்ளைகளைப் படிக்க அனுப்பியது நம் ஊட்டிக்கு.

அந்த ஜனவரி இரவு

1999 ஜனவரி 22. கியோஞ்சர் மாவட்டம், மனோகர்பூர் கிராமத்தில் நடந்த கிறிஸ்தவ முகாமுக்கு கிரஹாம் போயிருந்தார். விடுமுறைக்கு வந்திருந்த பிலிப்பும் (10) திமோத்தியும் (6) உடன் சென்றார்கள். கடும் குளிர் என்பதால் மூவரும் தங்கள் வண்டிக்குள்ளேயே தூங்கினார்கள். நள்ளிரவில் தாரா சிங் தலைமையில் வந்த கும்பல் வண்டிக்குத் தீ வைத்தது. மூவரும் கருகி இறந்தார்கள். கிரஹாம் பழங்குடி மக்களை மதம் மாற்றுகிறார் என்பது அந்தக் கும்பலின் கோபம்.

கிளாடிஸும் மகள் எஸ்தரும் அப்போது பாரிபதாவில் இருந்தார்கள். மறுநாள் அவர்களுக்குக் கிடைத்த செய்தியை எந்தத் தாயும் கேட்கக் கூடாது.

சம்பவத்தை விசாரித்த வாத்வா கமிஷன் முன்பு கிளாடிஸ் தன் மனதை மறைக்கவில்லை. கணவர் ஏன் கொல்லப்பட்டார் என்ற கேள்வி சில நேரம் தனக்குள் எழுவதை ஒப்புக்கொண்டார். ஆனால், கொன்றவர்களைத் தண்டிக்கும் எண்ணம் தனக்குத் துளியும் இல்லை, அவர்கள் மனம் வருந்தித் திருந்த வேண்டும் என்பதே விருப்பம் என்றார். மன்னித்ததால் வலி போய்விட்டதாக அவர் சொல்லவில்லை. வலியோடுதான் மன்னித்தார்.

ஊருக்குத் திரும்பவில்லை

மகளை அழைத்துக்கொண்டு அவர் ஆஸ்திரேலியா கிளம்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், கிளாடிஸ் பாரிபதாவிலேயே தங்கினார்.

தொழுநோய்க்கு மருந்து உண்டு, முழுமையாகக் குணமாகும். ஆனால், தாமதமாகச் சிகிச்சைக்கு வருபவர்களுக்கு கை, கால் மரத்துப்போயிருக்கும். சுட்டாலும் குத்தினாலும் தெரியாது. புண் வரும், ஆறாது. விரல்கள் மடங்கிவிடும். குணமான பிறகும் வீட்டில் சேர்த்துக்கொள்ளாத குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு அந்த இல்லம்தான் வீடு. புண்ணைக் கழுவிக் கட்டுப்போடவும், பக்கத்தில் உட்கார்ந்து பேசவும் ஆள் வேண்டும். கிளாடிஸ் தங்கியது அவர்களுக்காக.

ஐந்து ஆண்டுகள் அந்தப் பணி தொடர்ந்தது. 2004-ல் கிரஹாமின் நினைவாக பாரிபதாவில் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதே ஆண்டு, எஸ்தர் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவுக்கு கிளாடிஸ் சென்றார். 2005-ல் இந்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ வழங்கியது.

அப்படியென்றால் தண்டனை?

குற்றவாளிகளை மன்னித்தால் சட்டம் எதற்கு என்ற கேள்வி அப்போதே எழுந்தது. கிளாடிஸுக்கு இதில் குழப்பம் இருக்கவில்லை. மன்னிப்பு தன்னுடைய விஷயம், குற்றத்துக்கான தண்டனை சட்டத்தின் விஷயம், இரண்டையும் கலக்கக் கூடாது என்பது அவர் நிலை. 2003-ல் தாரா சிங்குக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை, 2005-ல் ஒடிசா உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

பகைவரை நேசிக்கச் சொன்ன இயேசுவின் போதனையை ஞாயிற்றுக்கிழமைதோறும் தேவாலயங்களில் கேட்கிறோம். கேட்பது சுலபம். தன் பிள்ளைகளை இழந்த அதே மண்ணில், மறுநாள் காலையிலும் எழுந்து, யாரோ ஒருவரின் புண்ணுக்குக் கட்டுப்போட உட்காருவதில்தான் கிளாடிஸின் விசுவாசம் தெரிந்தது. அவரைப் பற்றிப் பேசும்போது நாம் 'மன்னித்தார்' என்பதோடு நிறுத்திவிடுகிறோம். 'அதன் பிறகும் தங்கினார்' என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.