ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் (1895–1970)

பழைய தென்னாற்காடு மாவட்டத்தில், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் உழவர் குடும்பத்தில் பிறந்த ராமசாமி ரெட்டியார், 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக, அதாவது இன்றைய முதலமைச்சருக்கு இணையான பொறுப்பில் இருந்தவர். நாடு விடுதலையடைந்தபோது மாகாண ஆட்சி இவர் தலைமையிலேயே நடைபெற்றது.

காந்திய எளிமையும் ஆழ்ந்த சமயப்பற்றும் கொண்ட மரபுவழிக் காங்கிரஸ்காரராக அறியப்பட்ட போதிலும், தாழ்த்தப்பட்டோரின் கோயில் நுழைவு உரிமையை உறுதிசெய்த சட்டமும், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி முறையைத் தடைசெய்த சட்டமும் 1947-இல் இவரது ஆட்சியிலேயே நிறைவேறின. 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், அரசுக்கும் உழவருக்கும் இடையே நின்று வரி தண்டிய ஜமீன்தாரி முறையை நீக்கி, உழவர் நேரடியாக அரசுக்கே நிலவரி செலுத்தும் ரயத்துவாரி முறைக்கு வழிவகுத்தது.

கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பால் 1949-இல் பதவி விலகிய இவரையடுத்து பி. எஸ். குமாரசாமி ராஜா பொறுப்பேற்க, இந்தியா குடியரசாவதற்கு முன்பே ஆட்சியிலிருந்து நீங்கிய இவர், வள்ளலாரின் நெறியில் ஈடுபட்டு வடலூரில் அறப்பணியும் கல்விப்பணியும் ஆற்றினார். சென்னையிலுள்ள ஓமந்தூரார் அரசினர் தோட்டம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.